மடிக்கணினி மிகைவெப்பம்

மடிக்கணினி மிகைவெப்பம் என்பது, செயலி உண்டாக்கும் வெப்பம் போதிய அளவு வெளியேறாமல் மடிக்கணினிக்குள்ளேயே தேங்கும் நிலையாகும். பல செயலிகளின் வெப்ப வரம்பு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் ஆகும். அதை எட்டும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பின்னும் வெப்பம் ஏறினால், மின்சுற்றுகளைக் காக்கக் கணினி தானே அணைந்துவிடுகிறது. சேமிக்காத வேலை அழிந்துபோகும். அணைதல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடே. எனவே, ஆறும் முன் மீண்டும் மீண்டும் இயக்குவது தீர்வாகாது. காரணத்தை நீக்க வேண்டும்.

காரணங்கள்

செயலியின் வெப்பத்தைச் செப்புக் குழாய் மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. விசிறி அத்தகடுகளின் ஊடே காற்றைத் தள்ளுகிறது. தகடுகளில் தூசி அடைதல், மெத்தை அல்லது தலையணை காற்றுத் துளைகளை மூடுதல், விசிறி பழுதடைதல், செயலியின் மேலுள்ள வெப்பப் பசை உலர்தல் ஆகியவை முதன்மைக் காரணங்கள்.

சரிசெய்யும் முறை

1. கணினியை மேசை போன்ற கெட்டியான சமதளத்தில் வைத்துப் பயன்படுத்த வேண்டும்.
2. செயலியை மிகுதியாகப் பயன்படுத்தும் தேவையற்ற நிரல்களை மூட வேண்டும்.
3. கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றிய பின், காற்றுத் துளைகளிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் நீக்க வேண்டும்.
4. அடிமூடியைத் திறந்தால், முதலில் மின்கல இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டே காற்றடிக்க வேண்டும்.
5. அப்போதும் சூடு குறையாவிட்டால், பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதியது இட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை

சூடேறாமலேயே கணினி அணைந்தால், மின்கலத்தையும் மின்னேற்றியையும் சோதிக்க வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றக்கூடும்.