விண்ணப்பத்தில் ஒரு கலை
அமெரிக்காவில் வைத்தியக் கல்லூரிப் பிரவேசம் நாடும் மாணவர்களில் பெரும்பாலோர் நிரப்பும் ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பத்திலே, அனுபவங்களைக் குறிக்க 15 இடங்களே உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடைவெளிகள் உட்பட 700 எழுத்துகள், அதிமுக்கியமென்று மாணவர் கருதும் 3 அனுபவங்களுக்கு மட்டும் மேலும் 1325. மருத்துவமனைத் தொண்டுக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ளதுபோலவே கலை முயற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் அங்கே தனிப் பிரிவுகள் இருக்க, சித்திரம் தீட்டுவதையோ வயலின் வாசிப்பதையோ அற்பமென்று எண்ணிச் சிலர் மறைத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஓவியம் பிடிக்கும் என்று மாத்திரம் எழுதிப் பயனில்லை. எத்தனை ஆண்டு அப்பியாசம், எந்தச் சித்திரம் எதனால் கைகூடவில்லை, பிறகு அதை எவ்விதம் திருத்தினார் என்பவற்றை விவரித்தால்தான் எழுதியவருடைய சுபாவமும் பொறுமையும் புலப்படும். நேர்முகத்தில் அதைப்பற்றியே விஸ்தாரமாக வினவக்கூடும்; ஆகையால், மாணவர்களே, மெய்யாகவே செய்ததை மட்டும் எழுதுங்கள்.