ஒரு தேதிப் பெட்டி: அன்றும் இன்றும்

2023 மார்ச் 16 அன்று எம்ஆர்டி புத்ராஜெயா தடம் முழுவதுமாகத் திறந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருந்து சைபர்ஜெயாவில் வேலை பார்ப்பவர்களுக்கு அன்றுதான் விடிவு காலம். செர்டாங் ராயாவில் ஏறினால் சைபர்ஜெயாவில் இறங்கிவிடலாம். அந்த ரயிலில் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு இணையப் பக்கம் கட்டுவதுதான் பிழைப்பு. அவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பக்கத்தில் வரும் பொத்தான், பட்டியல், நாள்காட்டி, அட்டவணை எல்லாவற்றையும் ஃபிரேம்வொர்க் கொடுப்பதைக் கொண்டே செய்வதா, வெளியாள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைக் கொண்டுவந்து ஒட்டுவதா?

வழக்கு பழையது. தீர்ப்பு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அது மாறிய விதத்தைப் பார்க்கப் பிறந்த தேதி கேட்கும் ஒரு சின்னப் பெட்டி போதும்.

2008 வாக்கில் வீட்டில் ஸ்ட்ரீமிக்ஸ் இணையம், அலுவலகத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. உலாவி தன் பங்குக்குக் கொடுத்தது எழுத்துப் பெட்டி, தேர்வுப் பட்டியல், பொத்தான் என்று நாலைந்து சாமான்தான். நாள்காட்டி கிடையாது. மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் ஃபிரேம்வொர்க் அதைக் கொடுத்தது. ஆனால் அதில் ஒரு மாதம் பின்னால் போக அம்புக்குறியை அழுத்தினால் பக்கம் முழுவதும் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும். 2008 ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு 1975 ஜனவரியைத் தேடுபவர் 396 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதிவு செய்ய வந்தவர் பாதியிலேயே எழுந்து போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்ட ஜேகுவரி லைப்ரரியும், அடுத்த ஆண்டு அதன் மேல் எழுந்த ஜேகுவரி யுஐயும் கைக்கு வந்தன. ஜேகுவரி யுஐயின் நாள்காட்டியில் வருடத்தையே பட்டியலிலிருந்து எடுக்கலாம், பக்கம் அசையாது. 2008-இல் மைக்ரோசாஃப்ட்டே தன் விஷுவல் ஸ்டுடியோவோடு ஜேகுவரியைச் சேர்த்துத் தரப்போவதாக அறிவித்தது. அன்றைக்குத் தீர்ப்பு தெளிவு: வெளிச்சரக்குதான்.

பிறகு ஃபிரேம்வொர்க்குகள் விழித்துக்கொண்டன. பிஎச்பிக்காரர்கள் பயன்படுத்திய யீ ஃபிரேம்வொர்க்கின் 1.1 பதிப்பில் தேதிப் பெட்டி கூடவே வந்தது. ஒரு வரி எழுதினால் போதும். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது அதே ஜேகுவரி யுஐ! உள்ளூர்ச் சரக்கு என்று நம்பி வாங்கியதில் மேலே ஒட்டிய சீட்டு மட்டும்தான் உள்ளூர். 2013 ஜனவரியில் ஜேகுவரி 1.9 வந்து சில பழைய கட்டளைகளைத் தூக்கி எறிந்தது. அவற்றை நம்பி எழுதிய பிளக்இன்கள் படுத்துவிட்டன. புதியதற்குத் தாவ முடியாமல், பழையதோடு இருக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நமக்கென்றே ஒரு வேடிக்கையும் இருந்தது. ஜேகுவரி யுஐயோடு வந்த தமிழ்க் கோப்பில் மாதங்களின் வரிசை தை, மாசி, பங்குனி என்று தொடங்கும். ஜனவரிக்கு நேராகத் தை! அப்படியானால் ஆங்கிலப் புத்தாண்டு தை முதல் தேதியில் விழுகிறது, பொங்கல் தை 14-இல் வருகிறது. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் கோவில் விழாவுக்குப் பதிவுப் பக்கம் கட்டுகிற ஒருவர் இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டால் நிர்வாகக் குழுவின் தொலைபேசி ஓயாது. இன்று உலாவியிடமே மாதப் பெயரைத் தமிழில் கேட்கலாம். ஜனவரி, பிப்ரவரி என்று ஒழுங்காகத் தரும்.

ஃபிரேம்வொர்க் கூடவே தருவது நிலைக்கும் என்ற நம்பிக்கையும் கரைந்துபோனது. ரூபி ஆன் ரெயில்ஸ் முதலில் புரோட்டோடைப் என்ற லைப்ரரியோடு வந்தது. 2011-இல் அதை விட்டு ஜேகுவரிக்கு மாறியது. 2017-இல் ஜேகுவரியையும் இயல்பிருப்பிலிருந்து எடுத்துவிட்டது. லாராவெல் 2016-இல் வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கைச் சேர்த்துக்கொடுத்து, 2019-இல் தனிப்பொதியாக வெளியே வைத்தது. சீதனமாக வந்த பீரோவைப் பிறந்த வீடே திரும்பக் கேட்ட கதைதான்.

இன்றைய நிலை வேறு. உலாவியே பெரிய கடையாகிவிட்டது. தேதிப் பெட்டியைக் குரோம் 2012-இலேயே தந்தது. மேக் கணினியின் சஃபாரி 2021-இல்தான் வந்து சேர்ந்தது. பக்கத்தின் மேல் எழும் உரையாடல் பெட்டி 2022 மார்ச்சில் முக்கிய உலாவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதே ஆண்டு ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே பூட்ஸ்ட்ராப் என்ற வடிவமைப்புத் தொகுப்பின் 5-ஆம் பதிப்பு ஜேகுவரியைக் கைவிட்டிருந்தது. ஜேகுவரி யுஐயும் இனிப் பராமரிப்பு மட்டுமே என்று அறிவித்துவிட்டது.

வெளிச்சரக்கின் மேல் பயமும் கூடியிருக்கிறது. 2016-இல் பதினொரு வரி நீளமுள்ள லெஃப்ட்பேட் என்ற பொதியை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் நின்றுபோயின. 2024-இல் பாலிஃபில் டாட் ஐஓ தளம் கைமாறிய பின், அதை நம்பியிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீங்கான நிரல் போனது. 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால், கோடிக்கணக்கில் இறக்கப்படும் பொதிகளில் திருட்டு நிரல் நுழைந்தது. சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனம் கிரேயான்ஸ் என்று தனக்கே ஒரு தொகுப்பைக் கட்டிக்கொண்டது. தாமானில் கடைவீட்டு மாடியில் மூன்று பேரோடு தொழில் நடத்துபவருக்கு அது கட்டுப்படியாகாது.

அதற்காக வெளி லைப்ரரியின் காலம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. மண்டபம் பதிவு செய்யும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குச் சிலாங்கூரில் விடுமுறை, பகாங்கில் இல்லை. கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜோகூர் 2014-இல் அந்த வழக்கத்துக்குப் போய் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. உலாவியின் தேதிப் பெட்டி இதெல்லாம் அறியாது. தொடக்க நாள், கடைசி நாள், இடைவெளி அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இடையில் ஒரு நாளை மட்டும் மங்கலாக்கிக் காட்டச் சொன்னால் கைவிரிக்கும். ஜேகுவரி யுஐயில் நாள்வாரியாக மறைக்க வழி இருந்தது. என்ன, அதில் 'வார இறுதி வேண்டாம்' என்ற ஆயத்தக் கட்டளை சனி, ஞாயிறை மட்டுமே வார இறுதி என்று எண்ணியது. கிளந்தானின் கோத்தா பாருவுக்குப் பயன்படாது.

என்னைக் கேட்டால், உரையாடல் பெட்டிக்கும் சாதாரணத் தேதிக்கும் உலாவி தருவதே போதும். மண்டபப் பதிவுக்கும், ஆயிரக்கணக்கான வரிகளை வடிகட்டி அடுக்கும் அட்டவணைக்கும் நல்ல வெளி லைப்ரரி ஒன்றை எடுத்து, பதிப்பைப் பூட்டி, சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதிக்கு நாள்காட்டியே வேண்டாம். மைகார்டு அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள்தானே; நூற்றாண்டு மட்டும் சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளலாம். அட்டை இல்லாத வெளிநாட்டவருக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பெட்டி வையுங்கள். பிரிட்டிஷ் அரசுத் தளங்களின் வடிவமைப்பு விதியும் பிறந்த தேதிக்கு அதைத்தான் சொல்கிறது.