திருத்தணி தூரம், முப்பத்தைந்தே நிமிஷம்!

திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மின்சார ரயிலில் போனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒடவாரா என்ற ஊரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனால் அதிவேக ரயில் 35 நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது! அங்கிருந்து மேலே ஏறினால் ஹகோனே மலைப் பிரதேசம். நமக்கு ஊட்டி, கொடைக்கானல் எப்படியோ, டோக்கியோக்காரர்களுக்கு ஹகோனே அப்படி.

கே.ஜி.கண்டிகையில் இருக்கிறவளுக்கு ஜப்பான் சமாசாரம் எதுக்குன்னு கேட்கிறீர்களா? என் கொழுந்தனாருக்கு அங்கே வேலை. இப்போதெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, "அம்மா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவது சகஜமாகிவிட்டது. என் மாமியாருக்கு வயசு 68. "முழங்கால் வலியையும் பிரஷரையும் வெச்சுக்கிட்டு எனக்கெதுக்கும்மா ரயிலும் மலையும்? நீங்க போயிட்டு வாங்க" என்றார். இப்படிப் பயந்தே எத்தனையோ தாய்மார்கள் ஆசையை மனசுக்குள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். முன்யோசனை இருந்தால் போதும், சகோதரிகளே! மாமியாரையும் அழைத்துக்கொண்டுதான் போய்வந்தோம்.

பயம் தேவையா?

இந்த ரயிலுக்கு ஷின்கான்சென் என்று பெயர். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்பு, 1964 அக்டோபர் 1-ல் ஓட ஆரம்பித்தது. அப்போது வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். இன்று அதே பாதையில் 285 வரை போகிறது. இத்தனை வருஷத்தில் ரயில் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. காரணம், இதற்கென்றே தனித் தண்டவாளம். நடுவில் லெவல் கிராஸிங்கே கிடையாது. பூகம்பத்தின் முதல் அதிர்வு தெரிந்ததுமே மின்சாரம் தானாக நின்று, ரயில் பிரேக் போட்டுவிடும். உள்ளே உட்கார்ந்தால் குலுக்கலே இல்லை. "ஓடுதா, நிக்குதா?" என்று மாமியார் இரண்டு தடவை கேட்டார்!

ஒன்று கவனியுங்கள். 'நொசோமி' என்ற அதிவேக வண்டி ஒடவாராவில் நிற்காது. 'கொடாமா' என்ற வண்டி அங்கே நிற்கும், அதில் ஏறலாம்.

மருந்துப் பை

இதுதான் முக்கியம். மூன்று மாதம் தங்கப் போகிறோம் என்று மூன்று மாத மாத்திரையையும் பெட்டியில் அடுக்கிவிடாதீர்கள். டாக்டர் சீட்டு மருந்துகளை ஒரு மாதத்துக்கு மட்டுமே ஜப்பானுக்குச் சும்மா கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் புறப்படும் முன்பே அவர்கள் அரசாங்கத்திடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். ஜலதோஷ மாத்திரை, இருமல் மருந்து சிலவற்றுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஆகவே டாக்டரின் சீட்டு கையில் இருக்கட்டும். மருந்தின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வழியில் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் வருவது நம் பெண்களின் பழக்கம். மூத்திரத் தாரையில் கிருமி சேர்வதற்கும் தலைசுற்றலுக்கும் அது வழி செய்யும். அங்கே ரயிலிலும் ஸ்டேஷனிலும் கழிப்பறை பளிச்சென்று இருக்கிறது. தைரியமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

சாப்பாடும் சாமானும்

சைவக்காரர்கள் ஏமாறக்கூடாத இடம் இது. பார்க்கக் காய்கறி சூப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் மீன் வடிநீர் சேர்ந்திருக்கும். அதனால் கொழுந்தனார் வீட்டிலேயே புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டோம். ரயிலில் சாப்பிடத் தடையில்லை. காகிதத்தையும் குப்பையையும் மட்டும் கையோடு எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். டோக்கியோவிலிருந்து வடக்கே போகும் ரயில்களை ஏழே நிமிஷத்தில் பெருக்கித் துடைத்து, ஸீட்டையெல்லாம் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த வேலையில் பெண்களும் நிறையப் பேர். முடித்ததும் வரிசையாக நின்று பயணிகளுக்குத் தலை வணங்குகிறார்கள். அதைப் பார்த்தால் குப்பை போட மனசு வருமா?

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால், சாமான் இடத்தோடு கூடிய ஸீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். மலைக்குச் சின்னப் பையே போதும்.

மலையில்

ஒடவாராவிலிருந்து ஹகோனே யுமோட்டோ போய், அங்கே 1919-ல் போட்ட மலை ரயிலில் ஏற வேண்டும். பன்னிரண்டரை மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறுகிற செங்குத்து! மூன்று இடத்தில் ரயில் நின்று, பின்பக்கம் முன்பக்கமாக மாறி, திரும்ப ஏறுகிறது. பிறகு கம்பிவட ஊர்தி, அப்புறம் ஆஷி ஏரி. வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையின் தரிசனம். நம் திருத்தணியில் 365 படி ஏறுகிற மாதிரி இங்கே மூச்சு வாங்க வேண்டியதில்லை.

எச்சரிக்கை இரண்டு. ஓவாகுடானி என்ற இடத்தில் பூமியிலிருந்து கந்தகப் புகை வருகிறது. அங்கே வெந்நீர் ஊற்றில் வெந்து கறுத்த முட்டையைத் தின்றால் ஏழு வருஷம் ஆயுசு கூடும் என்பார்கள்! ஆஸ்த்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம். வெந்நீர் ஊற்றுக் குளியல் பெண்களுக்குத் தனியாக உண்டு. ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே இறங்கட்டும். கூச்சமோ பயமோ இருந்தால், காலை மட்டும் நனைக்கும் தொட்டிகள் இருக்கின்றன. மாமியார் அதில்தான் அரை மணி உட்கார்ந்தார்.

மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் நடுவே 508 கிலோமீட்டருக்கு ஜப்பானியர் உதவியோடு இதே மாதிரிப் பாதை போட 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் அரை மணி நடந்து பழகுங்கள். பிள்ளை கூப்பிட்டால், "எனக்கெதுக்கு" என்று சொல்லாதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, "எப்ப வரட்டும்?" என்று கேளுங்கள்!