மறதி தலைவிதியா?

“வயதாகிவிட்டது, மறதி வரத்தானே செய்யும்!” என்கிறார்கள். “தலைவிதி” என்கிறார்கள் சிலர். “செய்வினை” என்று தகடு எடுக்க ஓடுகிறவர்களும் உண்டு. தகடு எடுப்பவனின் மடி நிறைகிறது. பெரியவரின் நினைவோ திரும்புவதில்லை. விதி என்று சொல்லி எந்தக் கொடுமையையும் விட்டுவிடலாகாது என்று கற்றவர்கள் நாம். இதையும் விடலாகாது.

யாருடைய துயரம் இது? 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபோது இருபது வயதில் பட்டறைக்குள் நுழைந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். 1965-இல் ஆவடி கனரகத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதற்குத் திருகு முடுக்கிய தலைமுறையும் அதே வயதில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே கருவியின் அளவைச் சொன்னவர், சொந்தத் தெருவில் நின்று வீட்டுக்கு வழி கேட்கும் நிலை வரலாமா?

2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர்! யாரிடம் அதிகம்? பெண்களிடம், கிராமத்தாரிடம், படிப்புக் குறைந்தவர்களிடம். அன்று ஏட்டைப் பறித்த அநீதி, இன்று நினைவையும் பறிக்கிறது.

தடுக்க வழியே இல்லையா? 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களை எடுத்துக்காட்டியது. அவற்றைக் களைந்தால், உலகின் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, மது, காது மந்தம் – எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காது மந்தம்! பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் முப்பதாண்டு நின்ற தொழிலாளிக்கு அது எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

“முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை, முன்கூட்டிக் கண்டுபிடித்து என்ன பயன்?” என்று கேட்பார்கள். பயன் உண்டு. தைராய்டுக் குறைவும், பி12 சத்துக் குறைவும், மனச்சோர்வும் மறதி நோய்போல் வேடமிட்டு வரும். அவற்றுக்கு மருந்திருக்கிறது. அல்சைமர் நோயே என்றாலும், ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம் போன்றவற்றைப் பெரியவர் தெளிவோடிருக்கும்போதே ஒழுங்குபடுத்தலாம். ஏய்ப்பவன் கையில் கைநாட்டு சிக்காமல் காக்கலாம். குடும்பமும் அவரை ஏசுவதை விட்டுத் தாங்கக் கற்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துத் தேர்வு வைத்து நோயாளி என்பது நியாயமாகாது. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 10/66 என்னும் உலக ஆய்வுக் குழு, பள்ளிப் படிப்பில்லாதவருக்கும் பொருந்தும் கேள்விமுறையை வகுத்து, சென்னையிலும் வேலூரிலும் முதியோரிடையே நடத்திக் காட்டியது. தொடக்கச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பது, “ஓராண்டில் என்ன மாற்றம் கண்டீர்கள்?” என்று வீட்டாரை வினவுவது. அது தீர்ப்பல்ல, மருத்துவரிடம் அனுப்பும் சீட்டு மட்டுமே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் தேடி ஏழையின் வாசற்படி ஏறியது. அந்தச் சுகாதாரப் பணியாளரின் பையில் நினைவுக்கான கேள்வித்தாளும் நிலையாக இடம்பெற வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் 60 தாண்டிய ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்க வேண்டும். ஐயமிருந்தால், 2024-இல் கிண்டியில் திறக்கப்பட்ட முதியோர் மருத்துவமனைக்கு அனுப்பட்டும். கேள்வித்தாளோடு நில்லாமல், பயிற்சியும் மருந்தும் தர வேண்டும். இது சலுகையன்று, உழைத்தவரின் உரிமை.

தோழர்களே, அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதா? கிளைக்குக் கிளை, தெருவுக்குத் தெரு, நம் மூத்த தொழிலாளர் இல்லங்களுக்குச் செல்வோம். தடுமாறுபவரைக் கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போவோம். அவர் நம் பெயரை மறக்கலாம். அவர் உழைப்பை நாம் மறக்கலாமா?