விண்வீழ்கொள்ளி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது இராசபாளையம். அதற்கு வடக்கே உள்ளது திருவில்லிபுத்தூர். நிலவில்லாத கார்த்திகை இரவுகளில், இவ்வூர்களின் விளக்கொளிக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் நின்று வானத்தை நோக்குவோர், ஒரு விண்மீன் தன் இடத்தினின்று கழன்று, நொடிப்பொழுதில் ஒளிக்கோடு வரைந்து மறைவதைக் காண்பர். இதனை எரிநட்சத்திரம் என்பது நாட்டு வழக்கு. விண்வீழ்கொள்ளி என்பது நூல் வழக்கு. பின்னதே பொருத்தமான பெயர் என்பேன். ஏனெனில், வீழ்வது விண்மீன் அன்று. விண்மீன் ஒவ்வொன்றும் நம் ஞாயிற்றைப் போன்ற பெருந்தீக்கோளம். அவற்றுள் ஒன்று வீழுமாயின், அதனைத் தாங்க நிலமே எஞ்சாது!

அங்ஙனமாயின் வீழ்வது யாது? ஞாயிற்றைச் சுற்றி மணலினும் சிறியனவும் பாறையினும் பெரியனவுமாக எண்ணற்ற பொருள்கள் உலவுகின்றன. வெளியில் உலவும் வரை அவை விண்துகள் எனப்படும். அத்துகள் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான விரைவோடு நம் காற்று மண்டலத்துள் புகும்போது, முன்னுள்ள காற்று விலக நேரமின்றி நெருக்குண்டு கடுவெப்பம் கொள்கிறது. அவ்வெப்பத்தால் துகள் ஆவியாகி ஒளிர்கிறது. தரைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் அவ்வொளியே கொள்ளி. முற்றும் எரியாது நிலத்தை வந்தடையும் எச்சம் விண்கல். வீட்டில் மகன் எனவும் பள்ளியில் மாணவன் எனவும் ஒருவனே பெயர் பெறுதல் போல, ஒரு பொருளே இடத்திற்கேற்ப மூன்று பெயர் பெறுகிறது.

புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் என்னும் புலவர், பங்குனித் திங்களில் ஒரு மீன் வீழ்ந்ததைக் கண்டு, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சுகின்றார். ஏழாம் நாள் அரசனும் இறக்கின்றான். உலகின் மேல் நாள்தோறும் கொள்ளிகள் வீழ்கின்றன; அரசர் இறப்போ அத்துணை அடிக்கடி நிகழ்வதன்று. ஆயினும், எம்மீன் எத்திசையில் நின்றது என அவ்விரவின் வானநிலையைப் புலவர் குறித்துவைத்த நுட்பம் போற்றத்தக்கது. கொள்ளியைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வர். மரத்தைப் பார்ப்பதில் தீங்கொன்றும் இல்லை. ஆனால் அதற்குள் அடுத்த கொள்ளி போய்விடும்.

திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையில் வெள்ளி எழுந்ததையும் வியாழம் மறைந்ததையும் கூறுகின்றாள். அவை கோள்கள், ஞாயிற்றின் ஒளியைப் பெற்றுக் காட்டுவன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரும்பாலும் சுற்றிவரும் பாறைகள் சிறுகோள்கள். அவற்றுள் ஒன்று நம் காவலூர் வான்காணகத்தில் 1988ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, கணித மேதை இராமானுசன் பெயர் பெற்றுள்ளது. வால்மீனோ பனியும் தூசும் கலந்தது. ஞாயிற்றை அணுகுங்கால் வால் வளர்ந்து, பல நாள் வானில் நிலைத்து நிற்கும். கொள்ளியின் வாழ்வு ஓரிரு நொடியே. இவ்வொரு வேறுபாட்டை நினைவிற் கொண்டால், வால்மீனையும் கொள்ளியையும் மயங்கார்.

வானத்துக் கல் நம் பக்கத்திலேயே வீழ்ந்ததுண்டு. 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில், வெடியோசையோடு இரு கற்கள் வீழ்ந்தன. ஆங்கிலேயர் 'பார்னல்லி' என எழுதிவைத்த அவ்விடம், கமுதிக்குத் தெற்கே, திருவில்லிபுத்தூரிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோகிராம் எடை. பெரிய கல் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சென்று சேர்ந்தது. வேலூரும் தஞ்சையும் அறியாத அறிஞரும் 'பார்னல்லி' என்னும் பெயரை அறிவர்! அதனை அறுத்து நோக்கின், உட்புறமெங்கும் கடுகும் மிளகும் போன்ற சிறு உருண்டைகள் நெருங்கிக் கிடக்கும். நிலவுலகம் உருப்பெறுமுன், ஞாயிற்றைச் சூழ்ந்திருந்த தூசு உருகி உறைந்த துளிகள் அவை. அவற்றின் அகவை ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. இத்துணைப் பழைய பொருள் பொதிகையிலும் இல்லை, இமயத்திலும் இல்லை.

ஆதலின் விண்கல்லை அடையாளம் காணுதல் சிறு செயலன்று. புதிதாக வீழ்ந்த கல்லின்மேல், காற்றில் உருகியதால் உண்டான மெல்லிய கரிய தோல் காணப்படும்; பெரும்பாலானவற்றைக் காந்தம் ஈர்க்கும். ஆயினும் பள்ளமும் கரிய கல்லும் கண்ட அளவில் முடிவுகட்டல் ஆகாது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல்லே காரணம் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. படங்களைக் கண்ட நாசா அறிஞரோ, அது நிலத்தில் நேர்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். இறப்பின் காரணத்தை வானத்தின்மேல் ஏற்றிவிட்டால், நிலத்தில் தேடவேண்டியதைத் தேடுவார் யார்?

கொள்ளிகளைக் காண விரும்புவோர் டிசம்பர் 13, 14ஆம் நாள் இரவுகளில், மார்கழி பிறக்கச் சில நாள் முன்பு, விழித்திருத்தல் வேண்டும். பேத்தான் என்னும் சிறுகோள் சிந்திய துகள்கள் அப்போது நம்மேல் பொழிகின்றன. மிதுன விண்மீன்கள் முன்னிரவில் கிழக்கே எழுந்து, இரவு இரண்டு மணியளவில் உச்சியை நெருங்கும். கருவி ஏதும் வேண்டா. பாயும் போர்வையும் போதும். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதற்கிடையே விளக்கை ஏற்றாதிருங்கள்.