கடையைச் சாத்தினால் 2000!

மச்சினனின் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் வாங்கியவர் பில்லைப் பார்த்துச் சிரித்தாராம். தேதி 1.1.2000!

அவனுக்கு மாதாமாதம் கணக்கு எழுதித் தருகிற எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜி.எஸ்.டி. வந்ததே 2017-ல்தான். 2000-லேயே எப்படிய்யா பிடித்தீர்கள் என்று கேட்டால்?

பில் போடுவது உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை போர்டு. இன்டர்நெட் இல்லை. மெயினை அணைத்தாலும் தேதி மறக்காமலிருக்க, அதில் செருகிய கடிகாரப் பலகையில் ஒரு சிஆர்2032 பேட்டரி. (20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். பெயரே அளவுதான்!)

"புதுசு போட்டும் அதே கதை அத்தான்!"

மீட்டர் வைத்தேன். 3 வோல்ட், முழுசாக. விரலால் தொட்டால்... ஆடுகிற பல் மாதிரி ஆடியது! ராத்திரி மெயினை அணைத்துவிட்டு ஷட்டரைத் தடாலென்று இழுக்கிறான். சுவர்ப் பெட்டி அதிர்கிறது. பேட்டரி ஒரு கணம் தொடர்பு விட்டதும் கடிகாரத்துக்கு எல்லாம் மறந்துபோகிறது.

மச்சினன் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோடு வந்தான். "டேய், ஷார்ட் ஆயிடும்டா!" ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா என்றான். சூட்டில் பேட்டரியே வெடிக்கலாம். பி.காம். படித்த எனக்கே தெரிகிறது!

கரண்டை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, கவ்வும் தகட்டை லேசாக உள்ளே வளைத்தேன். துடைத்து, ப்ளஸ் மேலே வரும்படி வைத்து, மேலாக இன்சுலேஷன் டேப். தேதியைச் சரிசெய்து, மெயினை அணைத்து, ஷட்டரை மூன்று தடவை இழுத்தோம். ஊஹூம், தேதி அசையவில்லை!

தப்புத் தேதியில் போன பில் பதினாலு. வாங்கியவர்களைத் தேடி மச்சினன் வண்டியில் கிளம்பியிருக்கிறான்.