நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு எங்கே இடம்?

மத்தியப் பள்ளிக் கல்வி வாரியத்தின் 12-ஆம் வகுப்புத் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் அக்கினி நட்சத்திர நாட்களில்தான் வெளிவருகின்றன. 95 சதவிகிதம் பெற்ற பிள்ளையின் படம் பள்ளி வாயிலில் தொங்குகிறது. தவறிய பிள்ளைக்கு ஆறுதல் கூற அண்டை வீட்டார் வருகின்றனர். 65-க்கும் 75-க்கும் இடையே நிற்கும் பிள்ளையைத்தான் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நம்மவர் இல்லங்களில் பெரும்பான்மையோர் இவ்வகையினரே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய பிள்ளைக்குக் கல்லூரிக் கதவுகள் அடைபட்டுவிட்டன என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். கதவுகள் பல திறந்தேயிருக்கின்றன. ஆனால் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு மதிப்பெண்ணோடு இன்னொரு கேள்வியும் காத்திருக்கிறது. “நீ எந்த மாநிலத்துப் பிள்ளை?” என்பதே அது. மதிப்பெண் குறைவினால் இடம் இழப்போரைப்போலவே, இக்கேள்விக்கு உரிய காலத்தில் விடை தேடாமல் இடம் இழப்போரும் நம்மிடையே உண்டு.

முதலில் தில்லிப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு இங்கே இடம் வழங்கிய காலம் ஒன்றிருந்தது. 2021-இல் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு முதற்பட்டியலே நூற்றுக்கு நூறாக நின்றது. அச்செய்தி நம் இல்லங்களில் ஏற்படுத்திய திகில் இன்னமும் நீங்கவில்லை. ஆனால் 2022 முதல் முறை மாறிவிட்டது. மத்தியப் பல்கலைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வாகிய ‘க்யூட்’ தேர்வில் பெறும் மதிப்பெண்ணே இப்போது இடத்தைத் தீர்மானிக்கிறது. 12-ஆம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருந்தால் பெரும்பாலும் போதும். எனவே 68 சதவிகிதம் பெற்ற பெண்ணுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. ஏறத்தாழ 70,000 இடங்கள், 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். இவற்றில் பிறந்த மாநிலம், படித்த மாநிலம் என்ற பேதம் கிடையாது. தேர்வில் சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். வினாக்கள் பள்ளிப் பாடநூலை ஒட்டியே அமைகின்றன. மொழித்தாள்கள் 13-இல் தமிழும் ஒன்று. ஆங்கில இலக்கியம் போன்ற பாடத்தை விரும்புவோர் ஆங்கிலத் தாள் எழுதத்தான் வேண்டும். மொழி எதுவாயினும் ஏற்கப்படும் பாடங்களும் பலவுண்டு. பள்ளியில் தமிழைப் பாடமாகப் பயிலும் நம் பிள்ளைகள் இதை ஏன் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது? அந்தந்த ஆண்டின் விதிநூலைப் பார்த்து முடிவு செய்வது நலம்.

தேர்வு எழுதியபின் கல்லூரியையும் பாடத்தையும் இணையாகக் குறித்து விருப்பப் பட்டியல் தரவேண்டும். நம்மவர் தடுக்கி விழுவது இங்கேதான். புகழ்பெற்ற நான்கைந்து கல்லூரிகளின் பெயரை எழுதிவிட்டு, “கிடைத்தால் இது, இல்லாவிட்டால் வேண்டாம்” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். முதலிடக்காரனுக்கு அது அழகு. நடுத்தரப் பிள்ளை தகுதியுள்ள இணைகள் அனைத்தையும், நூறானாலும், விருப்ப வரிசைப்படி எழுதவேண்டும். நீண்ட பட்டியலால் மேலுள்ள விருப்பத்துக்குப் பங்கம் எதுவுமில்லை. ஒதுக்கிய இடத்தைக் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொண்டால், பின்வரும் சுற்றுகளில் மேல் விருப்பத்துக்கு உயர வழியிருக்கிறது. ஏற்காமல் விட்டால் பட்டியலிலிருந்தே வெளியேற நேரிடும். “இதைவிட நல்லது வரட்டும்” என்று காத்திருந்து கைக்கெட்டியதையும் இழப்பது பரிதாபம்.

மாலைக் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாகிர் உசேன், சத்தியவதி, மோதிலால் நேரு முதலிய கல்லூரிகளுக்கு மாலைப் பிரிவுகள் உள்ளன. அதே பாடத்திட்டம், அதே பரீட்சை, அதே பட்டம். காலைக் கல்லூரியைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கு இங்கே இடம் கிடைப்பது வழக்கம். நம் வீடுகளில் ‘மாலைக் கல்லூரி’ என்றதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை. பெண் பிள்ளை இரவில் திரும்பவேண்டுமே என்ற கவலை மட்டும் நியாயமானது. அதைத் தூரத்தையும் மெட்ரோ வசதியையும் பார்த்துத்தான் தீர்க்கவேண்டும்.

இனி மாநிலக் கேள்விக்கு வருவோம். தில்லி அரசாங்கத்தின் குரு கோவிந்த் சிங் இந்திரப்பிரஸ்தப் பல்கலைக் கழகம், அம்பேத்கர் பல்கலைக் கழகம், தில்லித் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் போன்றவற்றில் 85 சதவிகித இடங்கள் தில்லி மாணவருக்கே உரியவை. யார் தில்லி மாணவர்? பொதுவாக, தில்லி எல்லைக்குள் அமைந்த பள்ளியில் 12-ஆம் வகுப்பு தேறியவர். தந்தையின் தாய்மொழியோ பூர்வீகமோ இங்கே கணக்கில் இல்லை. ஆகவே மயூர் விகாரில் படித்த தஞ்சாவூர்ப் பிள்ளை தில்லிப் பிள்ளையாகிறான். எல்லையைத் தாண்டி நொய்டாவில் படித்த பிள்ளை ஆவதில்லை. நொய்டா, குருகிராமம், பரீதாபாத், காசியாபாத் ஆகிய இடங்களில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர் பலர் இதை அறியாமல், வாசலருகே உள்ள பள்ளியிலேயே பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைக்கின்றனர். வெளிமாநிலத்தாருக்குரிய 15 சதவிகிதத்தில் போட்டி கடுமை. தில்லிப் பகுதியின் கடைசி இடம் அதைவிட வெகுதூரம் இறங்கி வரும். பள்ளி மாற்றுவதானால் 11-ஆம் வகுப்பிலேயே மாற்றவேண்டும். 12-ஆம் வகுப்பில் நேரடியாகச் சேர்க்க வாரியம் எளிதில் அனுமதிப்பதில்லை.

இதைச் சொல்லும்போது பல வீடுகளில் எழும் மற்றொரு யோசனையும் நினைவுக்கு வருகிறது. “பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடலாமா? அங்கே பன்னிரண்டாவது முடித்தால் தமிழ்நாட்டுப் பிள்ளையாகிவிடுவானே!” என்று கேட்கின்றனர். இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு. 12-ஆம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினானோ அதுவே அவனுடைய மாநிலம். தில்லியில் படித்தவனுக்குத் திருச்சிக் கழகம் அயல் மாநிலத்தது. ஆனால் அக்கழகங்களில் நுழைய அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல தரவரிசை வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 12-ஆம் வகுப்பிலும் 75 சதவிகிதம், அல்லது வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இடம் என்ற நிபந்தனையும் உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தொலைவானது. கிட்டாத ஒன்றுக்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பழகிய பள்ளியையும் தோழரையும் விட்டு அனுப்புவது எனக்கு உடன்பாடன்று. தில்லியின் 85 சதவிகிதமும் அதனால் கைநழுவும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்காக அனுப்புகிறோம் என்றால் அதற்கும் அவசியமில்லை. அங்கே பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் மாநில நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் தருகின்றனர். மூன்று பாடங்களிலும் நூற்றுக்கு 75 வாங்கியவனுக்கு 150 வரும். மத்திய வாரியத்தில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். 8-ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பூர்வீகச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பூர்வீகக் குடும்பத்துப் பிள்ளை ‘நேட்டிவிட்டி’ என்று தாலுகா அலுவலகத்தில் வழங்கும் பிறப்பிடச் சான்றிதழைத் தந்தால் அவனும் தமிழ்நாட்டுப் பிள்ளையாகவே கருதப்படுகிறான். அரசுப் பள்ளி மாணவருக்குரிய 7.5 சதவிகித ஒதுக்கீடு மட்டும் அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தோருக்கு உரியது.

150 பெற்றவனுக்கு அங்கே ஓரிடம் கிடைப்பது அரிதன்று. ஆண்டுதோறும் ஏராளமான இடங்கள் நிரம்பாமலே கிடக்கின்றன. இடம் எளிது என்பதனாலேயே கல்லூரி நல்லது என்றாகிவிடாது. அண்ணா பல்கலைக் கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிட்டு வந்துள்ளது. அதைப் பார்க்காமல் கட்டடத்தின் பளபளப்பைக் கண்டு பணம் கட்டுவோர் பலர். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணே அளவு, கட்டணமும் சொற்பம். 2021-22 ஆண்டின் மத்தியக் கல்வி அமைச்சகக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்வியில் சேர்ந்தோரின் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. கல்லூரிகள் மலிந்த மாநிலம் நம் பூர்வீகமாயிருப்பதை நாம் மறந்துவிடுவதில் பொருளில்லை.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ஆந்திரத்திலிருந்து மும்பைக்குக் குடிவந்த குடும்பத்து மாணவர் ஒருவர், தம் பூர்வீகத்தில் பழங்குடி என்று பெற்ற சான்றிதழைக் காட்டி மும்பை மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கோரினார். குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. மாநில அரசாங்கக் கல்லூரிகளில் இக்கொள்கையே நம்மவரையும் கட்டுப்படுத்துகிறது. மத்தியப் பல்கலைக் கழகங்களில் நிலை வேறு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழே அங்கே செல்லும். பிற்படுத்தப்பட்டோர் மட்டும் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள வகுப்பு மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்பது ஒன்று. வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற சான்று அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் பெற்றதாக இருக்கவேண்டும் என்று பெரும்பாலும் கேட்கப்படுவது மற்றொன்று. சென்ற ஆண்டுச் சான்றிதழை நீட்டியதால் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயம் உண்டு.

நாள்தோறும் கல்லூரி செல்ல இயலாதோருக்கும் தில்லிப் பல்கலைக் கழகத்தில் இடமுண்டு. 1962-இல் அஞ்சல்வழிக் கல்விக்காகத் தொடங்கிய நிறுவனம் இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக நடைபெறுகிறது. தில்லியில் வசிக்கும் பெண்களுக்கென்று தனி வாரியம் ஒன்று, வார இறுதியில் பல கல்லூரிகளில் வகுப்பு நடத்திப் பி.ஏ., பி.காம். பட்டங்களுக்குத் தயார் செய்கிறது. இவ்விரண்டுக்கும் ‘க்யூட்’ தேர்வு வேண்டியதில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் 1985 முதல் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு, “இடம் வாங்கித் தருகிறேன்” என்று தொலைபேசியில் அழைக்கும் தரகர் பேச்சை நம்பி, பெயர் தெரியாத ‘பல்கலைக் கழகத்தில்’ பணம் கட்டுவோரும் உளர். பல்கலைக் கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட போலிப் பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன. அவற்றில் 8 தில்லியைச் சேர்ந்தவை.

இவ்வாண்டு 11-ஆம் வகுப்பிலோ 12-ஆம் வகுப்பிலோ பிள்ளை படிக்கும் இல்லத்தார், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சில காகிதங்களைப் பெட்டியில் எடுத்துச் செல்வது நலம்: தந்தையாரின் பள்ளி இறுதிச் சான்றிதழ், அவர் பெயரில் பழைய சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, தாத்தாவின் பெயரில் உள்ள வீட்டு வரி இரசீது அல்லது பட்டா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவு செய்துவிடலாம். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். எனவே இரயில் டிக்கெட்டை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வைத்து வாங்குங்கள்.